சுமத்ராவுக்கு அப்பால் 8.6: 2012 ஏப்ரல் 11 நிலநடுக்கம், காரைக்குடியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. பங்குனிக் கடைசி வெயில். மதியம் 2 மணி 8 நிமிடம் 36 வினாடிக்கு சுமத்ராவின் மேற்கே கடலடிப் பாறை உடைந்தது. மையம் வடக்கே 2.3 பாகை, கிழக்கே 93.1 பாகை, பண்டா ஆச்சேவுக்குத் தென்மேற்கே 430 கி.மீ. தள்ளி, சுமார் 20 கி.மீ. ஆழத்தில். இறுதிக் கணக்கில், நடுக்கத்தின் மொத்தப் பருமனைச் சொல்லும் மொமென்ட் அளவு 8.6. இரண்டு மணி நேரம் கழித்து, 4 மணி 13 நிமிடத்துக்கு, கொஞ்சம் தெற்கே 8.2 அளவில் இன்னொன்று. சென்னையில் அலுவலகங்கள் தெருவுக்கு வந்தன. ஏழு வருடத்துக்கு முந்தைய மார்கழிக் காலை, 2004 டிசம்பர் சுனாமி, எல்லோர் நினைவிலும் இருந்தது. ஆனால் கரையை அழிக்கும் அலை எங்கும் வரவில்லை. சுமத்ராவின் மேலபோவில்கூட ஒரு மீட்டர் அளவில்தான். இந்தோனேசியாவில் நேர்ந்த சில இறப்புகளுக்கும் பெரும்பாலும் அதிர்ச்சியும் மாரடைப்புமே காரணம்.

'அப்படியானால் அன்று விட்ட சுனாமி எச்சரிக்கை தப்பா?' என்று பலர் அப்போதே கேட்டார்கள். தப்பில்லை. கடலடி நடுக்கத்தில் அளவைச் சொல்லும் எண் சில நிமிடத்தில் கிடைத்துவிடும்; அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது தெரிய அரை மணி நேரம் ஆகும். நடுவில் உள்ள அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் கண்காணிப்பு வேலை முழுவதும். அதைச் செட்டிநாட்டில் நின்றுகொண்டு, நிமிடக் கணக்காகப் பார்ப்போம்.

காரைக்குடிக்கு எது எப்போது வரும்

மையத்திலிருந்து காரைக்குடி நேர்கோட்டில் ஏறத்தாழ 1,800 கி.மீ., அதாவது பூமியின் வளைவில் 16 பாகைக்குச் சற்று மேல். இந்தத் தூரத்துக்கு முதலில் வரும் பி அலைக்கு 3 நிமிடம் 45 வினாடி போல ஆகும். எஸ் அலைக்கு 6 நிமிடம் 45 வினாடி. தரைமேல் உருண்டு வரும் பரப்பு அலைகள் ஏழரை முதல் எட்டரை நிமிடத்தில் தொடங்கி, பல நிமிடம் நீடிக்கும். கடிகாரத்தில் சொன்னால் 2:12க்குப் பி, 2:15 தாண்டி எஸ், 2:16இலிருந்து பரப்பு அலை.

பிக்கும் எஸ்ஸுக்கும் உள்ள இடைவெளியை வைத்துத் தூரம் கணிப்பது பழைய வழி. பாடப்புத்தகத்தில் 'இடைவெளி வினாடியை எட்டால் பெருக்கு' என்று இருக்கும். இங்கே இடைவெளி 180 வினாடி. எட்டால் பெருக்கினால் 1,440 கி.மீ. வரும், உண்மைத் தூரத்தில் 360 கி.மீ. குறைவு. எட்டு என்பது சில நூறு கிலோமீட்டருக்குள், அலை மேலோட்டிலேயே ஓடும்போது பொருந்தும் எண். தூரம் கூடினால் அலை கீழே இறங்கி, வேகமான பாறை வழியாக வரும். 1,500 முதல் 2,000 கி.மீ. வரை பத்தால் பெருக்குவதே சரி. அந்தமான் பக்கமா, சுமத்ராவின் மேற்கா என்ற கேள்விக்கு விடை இந்த எட்டுக்கும் பத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது.

இன்னொரு சிக்கல்: இந்த நடுக்கம் ஒரே புள்ளியில் முடியவில்லை. ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாக வெட்டும் குறைந்தது நான்கு பிளவுகள், ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டரை நிமிடத்துக்கும் மேல் உடைந்தன. பி அலையின் வால் ஓய்வதற்குள் எஸ் வந்து ஏறிக்கொள்ளும். குறிப்பது எப்போதும் தொடக்க வெட்டை. பதிவில் பெரிதாகத் தெரியும் இடத்தை அல்ல.

தரை எவ்வளவு அசைந்தது

20 வினாடி அலைவுநேரப் பரப்பு அலைக்கு வழக்கமான சூத்திரத்தில் அளவு 8.6ஐயும் 16 பாகைத் தூரத்தையும் போட்டால், தரையின் அசைவு சுமார் 4 சென்டிமீட்டர் என்று வருகிறது. இந்தச் சூத்திரம் 20 பாகைக்கு மேல்தான் நன்றாகப் பொருந்தும். ஆகவே இதைத் தோராயமாகவே கொள்ளவேண்டும். 4 செ.மீ. என்றதும் திடுக்கிடும். ஆனால் அந்த 4 செ.மீ. போய்வர 20 வினாடி எடுத்துக்கொள்கிறது. முடுக்கமாக மாற்றினால் ஜியில், அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில், பத்தாயிரத்தில் நான்கு பங்கு, 0.0004. நிலநடுக்கம் தாங்கும் கட்டடத்துக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1893இன் 2016 பதிப்பில், காரைக்குடி இருக்கும் சிவகங்கை மாவட்டம் இரண்டாம் நிலநடுக்க மண்டலம். மண்டல எண் 0.10, வடிவமைப்பு நிலைக்கு அதில் பாதி, 0.05 ஜி. கிடைத்த அசைவு அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

சென்னை ஏன் ஆடியது, காரைக்குடி ஏன் பெரும்பாலும் தூங்கியது என்பதற்கு விடை கட்டடத்தின் உயரத்தில் இருக்கிறது. ஆயிரத்தெண்ணூறு கிலோமீட்டர் கடந்து வரும்போது வேகமான அதிர்வுகளைப் பாறை தின்றுவிடும், மெதுவானவை மட்டும் மிஞ்சும். பத்துப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் இயல்பான ஆட்டம் ஒரு வினாடிக்கு மேல். அது அந்த மெதுவான அலைக்குத் தலையாட்டும். முகப்பும் வளவும் இரண்டாம் கட்டுமாக நீண்டு கிடக்கும் செட்டிநாட்டு வீடு ஏழு மீட்டர் உயரம், முப்பது மீட்டர் நீளம் என்றால், ஐ.எஸ். சூத்திரப்படி அதன் ஆட்டம் 0.12 வினாடிதான். கனமான சுண்ணாம்புச் சுவரோடு அந்த வீடு தரையோடு தரையாகப் போய்வரும். உள்ளே படுத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

தெரிய வேண்டுமானால் தொங்குவதைப் பார்க்க வேண்டும். சங்கிலி நீளத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, இரண்டால் பெருக்கினால் ஊசலின் நேரம் வினாடியில் கிடைக்கும். இரண்டரை மீட்டர் சங்கிலி ஊஞ்சல் 3.2 வினாடி, நான்கு மீட்டர் சங்கிலியில் தொங்கும் சரவிளக்கு 4 வினாடி. எஸ் அலையோடு வரும் சில வினாடி அதிர்வுக்கு இவை பதில் சொல்லக்கூடும். ஆள் உட்காராத ஊஞ்சல், மின்விசிறி நின்ற அறை, சாத்திய சன்னல்: இந்த மூன்றும் இருந்தால்தான் அந்தச் சாட்சி செல்லும். பங்குனிக் காற்றில் ஆடிய விளக்கை நிலநடுக்கக் கணக்கில் எழுதியவர்கள் உண்டு.

ஊருணி இன்னும் நல்ல கருவி. 80 மீட்டர் அகல ஊருணியில் 3 மீட்டர் நீர் நின்றால், இக்கரைக்கும் அக்கரைக்கும் நீர் மொத்தமாகச் சாய்ந்து திரும்ப 30 வினாடி ஆகும். அது பரப்பு அலைகளின் நேரத்துக்கு அருகே. 2004 டிசம்பரில் வங்கதேசத்துக் குளங்கள்கூடத் தளும்பியதற்கு இதுவே காரணம். அதே ஊருணி பங்குனியில் ஒரு மீட்டருக்கு வற்றியிருந்தால் கணக்கு 51 வினாடிக்குப் போய்விடும், தளும்பலும் குறையும். ஆகவே தளும்பலைக் குறிக்கும்போது நீர்மட்டத்தையும் படிக்கட்டு எண்ணிக் குறிக்க வேண்டும். நீர்மட்டம் இல்லாத குறிப்பை வைத்து எதையும் கணக்கிட முடியாது.

எண் எப்படி மாறியது, ஏன்

முதலில் வந்த மதிப்பு 8.7, பின்னர் 8.6இல் நின்றது. இது குழப்பமில்லை, வேலை நடக்கும் முறை. பி அலையின் முதல் வினாடிகளை வைத்துக் கணிக்கும் உடல் அலை அளவு ஆறரைக்கு மேல் ஏறாமல் முட்டிக்கொள்ளும். 20 வினாடிப் பரப்பு அலை அளவும் எட்டுக்கு மேல் தடுமாறும். உண்மை அளவுக்கு நூற்றுக்கணக்கான வினாடி நீளமுள்ள அலைகள் வேண்டும்; அவை வந்து சேரவே நேரம் ஆகும். ஓர் அலகு கூடினால் ஆற்றல் 32 மடங்கு. 2004இன் 9.1ஐயும் 2012இன் 8.6ஐயும் பக்கத்தில் வைத்தால் அரை அலகு வித்தியாசம் சிறிதாகத் தெரியும். உண்மையில் முன்னது ஐந்தரை மடங்கு பெரியது.

ஆனால் 2012இல் அலை வராததற்கு அந்த ஐந்தரை மடங்கு முதல் காரணமில்லை. 2004இல் இந்தியத் தட்டு சுமத்ராவுக்குக் கீழே நுழையும் எல்லையே 1,300 கி.மீ. நீளத்துக்கு உடைந்து, கடல்தரையை மேலே தூக்கியது. மேலிருந்த நீரும் சேர்ந்து எழும்பியது. 2012இல் உடைந்தது அந்த எல்லைக்கு வெளியே, 100 கி.மீ. தள்ளி, தட்டின் உள்ளே. பாறை பக்கவாட்டில் வழுக்கியது. பதிவான பக்கவாட்டு நடுக்கங்களில் இதைவிடப் பெரிது இல்லை. இருந்தாலும் தரை மேலெழாததால் நீருக்கு உந்துதல் குறைவு. சாப்பாட்டு மேசை விரிப்பைப் பக்கமாக இழுப்பதற்கும், கீழிருந்து முட்டுவதற்கும் உள்ள வேறுபாடு.

இந்த வேறுபாடு பத்து நிமிடத்தில் தெரியாது. ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்ற தேசியக் கடல் தகவல் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் தொடங்கியது. 6.5க்கு மேற்பட்ட கடலடி நடுக்கத்துக்கு முதல் அறிக்கையைப் பத்து நிமிடத்துக்குள் தர வேண்டும் என்பது அதன் இலக்கு. அதாவது காரைக்குடிக்குப் பரப்பு அலை வந்துகொண்டிருக்கும்போதே முதல் அறிக்கை கிளம்பிவிட வேண்டும். அப்போது கையில் இருப்பவை இடம், ஆழம், ஏறத்தாழ அளவு, இவ்வளவுதான். பிளவு எந்தத் திசையில் வழுக்கியது என்பதற்கு உலகெங்கும் உள்ள நிலையங்களின் நீள அலைகள் வேண்டும். இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். எனவே முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த அலை மாதிரிகளில், தரை மேலெழும் மோசமான நிலையையே எடுத்துக்கொள்கிறார்கள். கரையில் எதிர்பார்க்கும் அலை 2 மீட்டருக்கு மேல் என்றால் 'வார்னிங்', 0.5 முதல் 2 மீட்டர் என்றால் 'அலர்ட்', அதற்கும் கீழே 'வாட்ச்'. முதலாவதுக்குக் கரையோர மக்களை உள்ளே நகர்த்த வேண்டும். இரண்டாவதுக்குக் கடற்கரையைக் காலி செய்தால் போதும். மூன்றாவதுக்கு யாரையும் நகர்த்தத் தேவையில்லை. தொலைக்காட்சியின் கீழே ஓடும் வரியில் இந்த மூன்றும் 'சுனாமி எச்சரிக்கை' என்ற ஒரே சொல்லாகிவிடும். நம் ஊரில் குழப்பத்தின் பாதி அங்கேதான் பிறக்கிறது.

உண்மையைச் சொல்வது கடலடி அழுத்தமானிகள். ஆழ்கடல் தரையில் உட்கார்ந்து, மேலே நிற்கும் நீரின் எடையை 15 வினாடிக்கு ஒருமுறை அளக்கும். 3 செ.மீ. நீர்மட்ட மாற்றம் கண்டால் விழித்துக்கொண்டு, மிதவை வழியாகச் செயற்கைக்கோளுக்கு அடிக்கடி தகவல் அனுப்பும். இதில் அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு: சுனாமி வருவதற்கு வெகு முன்பே நிலநடுக்கத்தின் பரப்பு அலை கடல்தரையை ஆட்டி, அதே கருவியை எழுப்பிவிடும். அந்த முதல் கிறுக்கலைப் பார்த்து 'அலை வந்துவிட்டது' என்று படித்தால் வேகம் மணிக்கு பதினாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வரும். ஓடும் நீருக்கு அது முடியாது. 4,000 மீட்டர் ஆழத்தில் சுனாமியின் வேகம் மணிக்கு 710 கி.மீ. அளவுதான். அந்த வேகத்தில் அலை வந்து சேர வேண்டிய நேரத்துக்கு எழுந்த மெதுவான மேடு எவ்வளவு என்பதே கேள்வி. அன்று அது சில சென்டிமீட்டர்.

நான்கே கால் மணி

மாலை 4:13க்கு 8.2 வந்தது. முதல் நடுக்கத்தின் அலைக்குக் காத்திருக்கும் நேரம் அது. இரண்டு மணி நேரம் காத்தோம், ஒன்றும் வரவில்லை, திரும்பலாமா என்று கரையோரம் யோசிக்கும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கண்காணிப்பவர் எழுதும் குறிப்பேட்டில் இதற்குத் தனிப் பக்கம் திருப்பி, புதிய நேரம், புதிய இடம், புதிய வருகை நேரம் என எழுதுவதே முறை. ஒரே பக்கத்தில் தொடர்ந்தால், எந்த அறிக்கை எந்த நடுக்கத்தைச் சேர்ந்தது என்று இரவு எட்டு மணிக்குக் குழம்பும். இரண்டாவதும் பக்கவாட்டு வழுக்கலே. அன்று மாலையே எச்சரிக்கைகள் விலக்கப்பட்டன.

தொண்டிக்கு வேறு கணக்கு

காரைக்குடிக்குக் கடல் வராது. தென்கிழக்கே தொண்டி 45 கி.மீ. ஆனால் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, போன காலத்திலிருந்து செட்டிநாட்டுக்குக் கடல்வாசல் அந்தப் பக்கம்தான். அங்கே உறவும் படகும் உள்ளவர்கள் அறிய வேண்டியது ஒன்று: நாகப்பட்டினத்துக்குச் சொல்லும் நேரம் தொண்டிக்குப் பொருந்தாது.

நாகைக்கு அலை வர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். தொண்டிக்குப் போக அந்த அலை கோடியக்கரையைச் சுற்றிப் பாக் நீரிணைக்குள் நுழைய வேண்டும். அங்கே ஆழம் பத்து மீட்டர் அளவு. அலையின் வேகம் மணிக்கு 35 கி.மீ.யாக விழுந்துவிடும். நூறு கிலோமீட்டர் கடக்க இன்னும் மூன்று மணி நேரம். மதியம் 2:08 நடுக்கத்தின் அலை தொண்டிக்கு இரவு ஏழரை, எட்டுக்குத்தான் வரும். இரண்டாவதின் அலை இரவு பத்து மணியை நெருங்கும். நாகையில் கடல் அமைதியாகிவிட்டது என்று தொலைபேசி வந்தவுடன் தொண்டிக் கரையில் இறங்குவது தவறு. 2004இல் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இலங்கை மறைத்ததாலும் நீர் ஆழமற்றதாலும் பாக் விரிகுடாக் கரையில் சேதம் மிகக் குறைவு. சேதம் குறையும் என்பது உண்மை, ஆனால் நேரம் நீளும்.

கடலில் உள்ள படகுகளுக்கு வழக்கமாகச் சொல்லும் அறிவுரை, ஆழமான நீருக்குப் போய்விடு என்பது. பாக் விரிகுடாவில் அப்படி ஓர் ஆழம் கிடையாது. அன்று விசைப்படகுத் தடைக்காலம் தொடங்க நான்கு நாள் பாக்கி. கடலில் இருப்பவர் ஆழம் தேடி ஓடுவதில் பயனில்லை. கரைக்கு வர நேரம் தாராளமாக உண்டு, வந்து படகைக் கட்டிவிட்டு மேட்டுக்குப் போவதே சரி.

சிறு கருவி வைப்பவர்களுக்கு

இப்போது ராஸ்பெரி ஷேக் போன்ற கையடக்க நிலநடுக்கமானிகள் வந்துவிட்டன. நாட்டில் தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் 'பூகம்ப்' செயலியும் உண்டு. கருவியை ஆத்தங்குடிக் கல் பாவிய தளத்தின் மேல் வைக்கக் கூடாது. கல்லுக்கு அடியில் வெற்றிடம் இருந்தால் ஒவ்வொரு நடையும் பதிவாகும். கருங்கல் அடித்தளத்தோடு ஒட்டிய மூலை நல்லது. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரிலிருந்து குறைந்தது முப்பது மீட்டர் தள்ளி, தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கம்.

அதைவிட முக்கியம், இவற்றில் அசைவை உணரும் ஜியோபோன் 4.5 ஹெர்ட்ஸ் வகை. மின்சுற்றால் நீட்டினாலும் சில வினாடிக்கு மேற்பட்ட மெதுவான அசைவுக்குக் காது மந்தம். 20 வினாடிப் பரப்பு அலை அதில் மங்கலாகவே விழும். திரையில் சின்னக் கோடு கண்டு 'சின்ன நடுக்கம்' என்று அறிவித்துவிடக் கூடாது. ஒப்பிட, கண்டி அருகே பல்லேகலையில் உள்ள 'பி.ஏ.எல்.கே.' நிலையத்தின் அகல அலைவரிசைப் பதிவு இணையத்தில் எவருக்கும் கிடைக்கிறது. வினாடிக்கு ஒரு புள்ளி கொண்ட தடத்தை எடுத்து, 20 முதல் 100 வினாடி வரை வடிகட்டினால், தன் கருவி தவறவிட்டது முழுவதும் அதில் தெரியும். மேற்கே கொடைக்கானலில் நூறாண்டுக்கும் மேலாக நிலநடுக்கப் பதிவு நடக்கிறது.

வீட்டைப் பார்ப்பது

கடலடி நடுக்கம் நடந்த மறுநாள் பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அழைப்பு வரும்: 'நம்ம வீட்டுச் சுவத்துல விரிசலாம், பாத்துச் சொல்லுங்க அண்ணே.' பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து பார்ப்பவர் விரிசல் காண்பார். காணாமல் இருக்க முடியாது. நடுக்கம் ஓரிடத்தில் எவ்வளவு பலமாக உணரப்பட்டது என்பதைப் படிகளில் சொல்லும் எம்.எஸ்.கே. தீவிர அளவையில் பூச்சில் விரிசல் பொதுவாகத் தொடங்குவது ஆறாம் படியில். இந்தத் தொலைவிலிருந்து வந்த அசைவு மூன்று, நான்கைத் தாண்டாது. எனவே சந்தேகம் விரிசல் மேல் அல்ல, அதன் வயதின் மேல்.

வயதைப் பிளவின் உள்ளே பார்க்க வேண்டும். புது விரிசலின் உட்புறம் வெளுப்பாக, தூசியின்றி, ஓரம் கூர்மையாக இருக்கும். பழையதில் ஒட்டடை, எறும்பு மண், போன தடவை அடித்த சுண்ணாம்பு. அடுத்து வடிவம். நடுக்கத்தின் விரிசல் சன்னலுக்கும் சன்னலுக்கும் நடுவே சாய்ந்து ஒன்றையொன்று வெட்டும். சுவர்மூலையில் செங்குத்தாகப் பிரியும். கண்மாய்க் கரையோரக் களிமண் சுருங்கிய விரிசல் படிக்கட்டுப் போலச் செங்கல் இணைப்பு வழியே ஏறும். மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் தளத்தின் கட்டை நனைந்து வளைந்ததால் வருவது உத்தரம் உட்காரும் இடத்துக்கு நேர்கீழே நிற்கும்.

பிறகு, விழக்கூடியவை. நிலைவாசலுக்கு மேலே கைப்பிடிச் சுவரில் உட்காரும் சுதைச் சிற்பங்கள் முதலில். உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதியிருந்தால் சிற்றசைவும் போதும். கீழிருந்து மூங்கிலால் தட்டிப் பார்க்கக் கூடாது. ஏணி வைத்துப் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். முகட்டு ஓடு நகர்ந்திருக்கிறதா. பர்மாத் தேக்குத் தூணின் அடி கல் பீடத்தின் நடுவில் நிற்கிறதா. தூக்குக்குண்டு தொங்கவிட்டால் சுவரின் உச்சிக்கும் அடிக்கும் வித்தியாசம் எவ்வளவு. இந்த அளவை நடுக்கத்துக்கு முன்பே ஒருமுறை எடுத்து வைத்திருந்தால்தான் பின்னர் எடுப்பதற்கு மதிப்பு.

சந்தேகமான விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதலாம். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஜிப்சத்தால் ஒட்டலாம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். சுண்ணாம்புப் பூச்சின் மேல் ஒட்டக் கூடாது, பூச்சைச் சுரண்டிச் செங்கல் மேல். ஒரு மாதத்தில் கண்ணாடி உடையாமல் இருந்து, ஐப்பசி மழையில் உடைந்தால், மேஸ்திரியைக் கூப்பிட்டு முதலில் கூரைத் தண்ணீர் விழும் தகரக் குழாயையும் முற்றத்துச் சாக்கடையையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.